கல் முனை பழையதா? பார்த்துச் சொல்வது எப்படி

சிக்கிமுக்கிக் கல்லில் செதுக்கிய ஒரு முனை கைக்கு வருகிறது. வாங்கிக்கொள்ளச் சொல்லி யாராவது நீட்டியதாக இருக்கலாம்; வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாக இருக்கலாம். எத்தனை ஆண்டு பழையது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லின் வயது வேறு, முனையின் வயது வேறு. இங்கிலாந்தின் சுண்ணப் பாறைகளில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல் உருவாகி ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதை உடைத்து ஒருவர் 5,000 ஆண்டுகளுக்கு முன் அம்புமுனை செய்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் தன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அதே போல் ஒன்றைச் செய்திருக்கலாம். இரண்டும் அதே கல்தான்.

எலும்பு, மரக்கரி போன்றவற்றின் வயதைக் கார்பனைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். கல்லுக்கு அந்த வழி கிடையாது. நெருப்பில் சூடேறிய கல்லாக இருந்தால், கடைசியாக எப்போது சூடேறியது என்று அளக்க ஒரு முறை இருக்கிறது. அதற்குக் கல்லில் ஒரு துண்டை இழக்க வேண்டும். அது புதைந்திருந்த மண்ணின் கதிரியக்க அளவும் தெரிய வேண்டும். எரிமலைக் கண்ணாடிக்கு 1960இல் தனியாக ஒரு முறை வந்தது. உடைந்த முகத்தில் காலப்போக்கில் ஈரம் ஊறி ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகும்; அதன் தடிமனை நுண்ணோக்கியில் அளப்பார்கள். சாதாரண சிக்கிமுக்கிக் கல்லுக்கு அதுவும் உதவாது. ஆகவே, கையிலிருக்கும் ஒற்றை முனையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பெரும்பாலும் கண்ணும் லென்ஸும் பொறுமையும்தான் துணை. நகைக்கடையில் கல் பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸே பாதி வேலைக்குப் போதும். மீதிக்கு முப்பது, நாற்பது மடங்கு பெருக்கிக் காட்டும் இரட்டைக் கண் நுண்ணோக்கி வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு முன், இந்தக் கல் எப்படி உடைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தடித்த கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம் உடைந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போலக் குழிந்திருக்கும். குளத்தில் கல் விழுந்தாற்போல அதில் அலையலையாக வளையங்கள் ஓடும். சிக்கிமுக்கிக் கல்லும் அப்படியே. குவார்ட்ஸின் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நெருங்கிப் பிணைந்த கல் அது. மரத்தைப் போல இழை இல்லை, சிலேட்டைப் போல அடுக்கும் இல்லை. அடித்த இடத்திலிருந்து எந்தப் பக்கமும் ஒரே சீராக விசை பரவுவதால், எங்கே எவ்வளவு அடித்தால் எவ்வளவு சில்லு பெயரும் என்று கைதேர்ந்தவர் முன்கூட்டியே கணிக்க முடியும்.

பழங்காலத்தில் முதலில் கூழாங்கல்லால் அடித்துப் பெரிய சில்லுகளை எடுத்தார்கள். பிறகு மான்கொம்பால் தட்டி மெல்லிதாக்கினார்கள். கடைசியில் கொம்பின் கூர்முனையை விளிம்பில் வைத்து அழுத்தி, அரிசி அகலத்துக்குச் சிறு சில்லுகளைப் பெயர்த்து விளிம்பைக் கூராக்கினார்கள். ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதன் ஓட்ஸியிடம் அந்தக் கருவியே இருந்தது. பென்சில் போன்ற ஒரு மரத்துண்டு. அதன் நடுவில் நெருப்பில் வாட்டிக் கெட்டிப்படுத்திய கொம்பு முள். அதை வைத்துத் தன் கல் முனைகளை அவன் தீட்டிக்கொண்டான். அவனுடைய இடது தோளுக்குள் புதைந்திருந்ததும் ஒரு சிக்கிமுக்கி அம்புமுனைதான். 2001இல் எக்ஸ்ரே படத்தில் அது தெரிந்தது.

இன்றைக்குச் செதுக்குபவர்களில் பெரும்பாலோர் கொம்புக்குப் பதில் செம்பைப் பயன்படுத்துகிறார்கள். மரப்பிடியில் செருகிய செம்புக் கம்பி விளிம்பில் அழுத்த வசதியானது, சீக்கிரம் தேயாது. அமெரிக்காவில் அதன் நீண்ட வடிவத்துக்கு ‘இஷி குச்சி’ என்று பெயர். கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதராக 1911இல் ஒரோவில் ஊருக்கு வெளியே வந்து நின்றவர் இஷி. தன் மக்கள் எல்லோரையும் இழந்தவர். 1916இல் இறக்கும்வரை சான்பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, பார்க்க வந்தவர்கள் முன்னால் பாட்டில் கண்ணாடியில்கூட அம்புமுனைகள் செய்து காட்டினார். தன்னிடமிருந்து உலகம் கற்றுக்கொள்ள அவர் அனுமதித்த வேலை அது. அவருடைய முனைகள் யார் செய்தவை என்று எழுதியே வைக்கப்பட்டிருக்கின்றன.

புதிதாகச் செய்வது தவறே இல்லை. பிரான்சின் பிரான்சுவா போர்து, அமெரிக்காவின் டான் கிராப்ட்ரி ஆகியோர் தாங்களே உட்கார்ந்து கல்லைச் செதுக்கிப் பார்த்ததால்தான் பழைய தழும்புகள் எப்படி உண்டாயின என்பது ஆய்வாளர்களுக்கு விளங்கியது. நேர்மையான கலைஞர்கள் தாங்கள் செய்த முனையில் வைரமுனைக் கருவியால் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் கீறிவிடுவார்கள். அந்தக் கீறலின் மேல் ஒரு சில்லை எடுத்துவிட்டு விற்பவர்தான் ஏமாற்றுக்காரர்.

ஏமாற்று பழைய தொழில். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கத்தில் எட்வர்ட் சிம்ப்சன் என்றொருவர் ஊர் ஊராக நடந்து, கையால் செய்த அம்புமுனைகளைப் பழையவை என்று விற்றார். ‘பிளின்ட் ஜாக்’ என்று அவருக்குப் பெயர். கடைசியில் 1862இல் லண்டனில் நிலவியலாளர்கள் கூடிய மேடையிலேயே, எல்லோரும் பார்க்கக் கல்லை உடைத்து அம்புமுனை செய்து காட்டினார். தங்கள் சேகரிப்பில் எத்தனை அவர் கைவண்ணம் என்ற கவலை அன்றைக்குப் பலருக்கு வந்திருக்கும்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. குஜராத்தின் கம்பாட் நகரில் அகேட் கல்லில் மணி செய்யும் தொழில் மிகப் பழையது. தரையில் சாய்வாக ஓர் இரும்புக் கம்பியை நட்டு, அதன் கூர்முனையில் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக் கொம்புத் தலை வைத்த சுத்தியலால் தட்டுவார்கள். கம்பி தொட்ட பக்கத்திலிருந்து சில்லு பெயரும். அதே முறையில் செய்த அம்புமுனைகள் மொத்தமாக அமெரிக்காவுக்குப் போய், சுற்றுலாத்தலக் கடைகளில் டஜன் கணக்கில் விற்கின்றன. கம்பாட் கைவினைஞர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அலங்காரப் பொருளாகச் செய்து, அப்படியே விற்கிறார்கள். இரண்டு மூன்று கை மாறியபின், பழைய சிகரெட் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அடுக்கியபின், ‘எங்கள் வயலில் உழும்போது கிடைத்தது’ என்ற பேச்சு சேர்ந்துகொள்கிறது. நடுப்பகுதி தடித்து, விளிம்பில் மட்டும் குட்டையான சில்லுகள் எடுத்து, பளபளக்கும் வரிக்கல்லில் இருக்கும் முனையைப் பார்த்தால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

இனி முனையை லென்ஸுக்குக் கீழே வைக்கலாம். வட அமெரிக்காவில்தான் இந்தச் சேகரிப்பு மிகப் பெரிய பழக்கமாக இருக்கிறது. உழுத வயல்களில் மழைக்குப் பிறகு நடந்து பொறுக்குவது அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. அதனால் அந்த மண்ணின் முனைகளையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் தேட வேண்டியது துரு. வயலில் கிடந்த கல்லைக் கலப்பைக் கொழு எத்தனையோ முறை உரசியிருக்கும். சிக்கிமுக்கிக் கல் இரும்பைவிடக் கடினம். ஆகவே உரசலில் தேய்வது இரும்புதான். அதன் துகள் கல்லில் கோடாக ஒட்டிக்கொண்டு பிறகு துருப்பிடிக்கும். இந்தக் கோடு எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு சில்லுத் தழும்புகள் சந்திக்கும் மேட்டில்தான் கொழு உரசும், பள்ளத்தில் உரசாது. எனவே உண்மையான உழவுத் துரு மேடுகளில், மெல்லிய நேர்கோடுகளாக, விட்டுவிட்டு இருக்கும். துருவைக் கரைத்துப் பூசியவரின் வேலையில் அது பள்ளங்களில் தேங்கியிருக்கும். உண்மையான முனையில் மேட்டில் துருக்கோடு, பள்ளத்தில் தாதுப் படிவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தில் படிவது மண்ணிலுள்ள தாதுக்கள். சில்லு எடுக்கும்போது விசை போதாமல் பாதியில் நின்று, படிக்கட்டு போல முறிந்த இடங்கள் எந்த முனையிலும் இருக்கும். அந்தப் படியின் அடியில், தலைமுடி நுழையாத இடுக்கில், நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய நீர் சுண்ணத்தையோ இரும்பையோ மாங்கனீசையோ விட்டுப்போயிருக்கும். பழைய முனையில் இந்தப் படிவு கல்லோடு கல்லாக இறுகியிருக்கும். ஊசியால் நெருடினாலும் எளிதில் வராது. புதிய முனையில் அதே இடுக்கு வெறுமையாக இருக்கும், அல்லது நொறுங்கிய கல்லின் வெண்பொடி இன்னும் உட்கார்ந்திருக்கும். அந்த வெண்பொடியைப் போல நம்பகமாகப் பேசும் அடையாளம் குறைவு. பூமிக்குள் சில ஆயிரம் ஆண்டுகள் கிடந்த கல்லில் அது நிற்காது.

அடுத்து மேல்படலம். ஈரமான கூழாங்கல் பளிச்சென்று நிறம் காட்டும், காய்ந்ததும் வெளிறிப்போகும். மேற்பரப்பின் நுண்குழிகளில் நீர் இல்லாதபோது ஒளி சிதறுவதே காரணம். சிக்கிமுக்கிக் கல்லும் மண்ணில் கிடந்து வெளுக்கிறது. மண்நீர் அதன் மேற்பரப்பிலிருந்து சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துச் செல்ல, நுண்துளைகள் உண்டாகி, கருங்கல் போன்ற நிறம் பாலாடை நிறமாகிவிடுகிறது. வட டக்கோட்டாவில் கிடைக்கும் பழுப்பு நிற நைஃப் ரிவர் கல் இப்படி வெளுப்பதற்குப் பெயர்போனது. பார்க்க வேண்டியது படலம் இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல. எல்லாத் தழும்புகளிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதை. முகம் முழுக்க வெளுத்திருக்க, விளிம்பில் வரிசையாகச் சிறு தழும்புகள் மட்டும் கறுப்பாக, புதிதாகத் தெரிந்தால், உடைந்த பழைய முனையை யாரோ அண்மையில் மறுபடி செதுக்கி அழகுபடுத்தியிருக்கிறார்கள். சந்தையில் முழுப் போலியைவிட இது அதிகம் ஏமாற்றுகிறது. ஏனென்றால், மேலே சொன்ன துருவும் படிவும் அதில் உண்மையாகவே இருக்கும்.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். பழங்கால மக்களும் பழைய முனைகளைப் பொறுக்கி மறுபடி தீட்டியிருக்கிறார்கள். 8,000 ஆண்டுக்கு முந்தைய முனையை 2,000 ஆண்டுக்கு முன் ஒருவர் கண்டெடுத்துத் திருத்தியிருந்தால் அதிலும் இரண்டு படலங்கள் இருக்கும். அப்போது இளைய தழும்புகளிலும் ஏதோ ஓர் அளவு மங்கலும் தேய்மானமும் படிவும் காணப்படும். முற்றிலும் பச்சையாக இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. அதேபோல, படலமே இல்லை என்பதற்காக ஒரு முனையைப் போலி என்று தள்ளவும் கூடாது. வறண்ட குகைகளில் கிடந்த முனைகள் நேற்றுச் செய்தவை போல இருக்கும். சில கற்கள் எளிதில் வெளுப்பதேயில்லை.

மூன்றாவது, பயன்பாட்டின் தேய்மானம். நம் வீட்டுப் பழைய அரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது இருந்த அகலம் இருக்காது. தீட்டித் தீட்டி ஒரு பக்கம் குழிந்து, நுனி குட்டையாகியிருக்கும். பழைய கல் முனைகளில் மிகப் பலவும் இப்படித்தான். நாம் பேச்சுவழக்கில் அம்புமுனை என்று சொன்னாலும், வட அமெரிக்காவில் கிடைக்கும் பெரிய முனைகளில் பெரும்பாலானவை ஈட்டிக்கும் எறிவேலுக்கும் செய்தவை, பல கத்தியாகவும் உழைத்தவை. அங்கே பெரும்பாலான பகுதிகளில் வில் பரவியே சுமார் 1,500 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஒரு கத்தி மழுங்கினால் பிடியிலிருந்து கழற்றாமலே விளிம்பைச் சீவுவார்கள். பிடிக்குள் இருந்த அடிப்பகுதி அப்படியே அகலமாக நிற்க, வெளியே இருந்த அலகு மட்டும் ஒடுங்கிப்போகும். ஒரு விளிம்பு நேராகவும் இன்னொன்று வளைந்தும் இருக்கும். இந்தக் கோணலில் ஒரு மனிதனின் உழைப்பு தெரிகிறது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தக்க சமச்சீரான, பெரிய, நுனி சிதையாத முனைகள் பூமியிலிருந்து அபூர்வமாகவே வருகின்றன. போலி செய்பவர் அவற்றையே செய்கிறார், விலை அவற்றுக்கே அதிகம் என்பதால். என்னைக் கேட்டால், ஒரு தட்டில் பத்து முனைகள் இருந்து பத்துமே குறையில்லாமல் இருந்தால், லென்ஸை எடுக்கும் முன்பே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடிப்பகுதியைத் தனியாகத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய வகைகள் பலவற்றில், குறிப்பாகச் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய குளோவிஸ் முனைகளில், அடியையும் அடியை ஒட்டிய பக்கங்களையும் வேண்டுமென்றே தேய்த்து மழுக்கியிருப்பார்கள். கட்டிய நரம்பை விளிம்பு அறுத்துவிடக் கூடாதே. விரலை ஓட்டினால் வழுவழுப்பாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் அந்த மழுக்கலிலும் மேல்படலம் ஏறியிருக்கும். போலியில் இந்தத் தேய்ப்பு விடுபட்டிருக்கும், அல்லது உப்புத்தாளாலோ சுழலும் சாணையாலோ தேய்த்த புதுக்கீறல்கள் ஒரே திசையில் அணிவகுத்திருக்கும். குளோவிஸுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அடியிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு முகங்களிலும் ஒரு நீள்பள்ளம் எடுத்திருப்பார்கள். முக்கால்வாசி முடிந்த முனை அந்த ஒரே அடியில் இரண்டாக உடைந்துவிடக்கூடும். அந்த ஆபத்தான கட்டத்தில் போலிக்காரர்களும் தடுமாறுகிறார்கள்.

புதிய வேலையின் இன்னொரு சுவடு, இயந்திரத்தால் அறுத்த பலகை. பழைய முனை ஒரு பெரிய சில்லிலிருந்து பிறந்தது என்றால், பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கும்போது அந்தச் சில்லின் லேசான வளைவு எங்கேயாவது மிஞ்சியிருக்கும். ரம்பத்தால் அறுத்த பலகையிலிருந்து செய்தது அளவுகோல் வைத்தாற்போல் தட்டையாக இருக்கும். சிலர் பலகையைச் சாணையில் தேய்த்து வடிவாக்கிவிட்டு, அதன்மேல் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் வரிவரியாகச் சில்லு எடுப்பார்கள். பார்க்க மிக அழகு. பழைய வட அமெரிக்க முனைகளில் இந்த அளவு ஒழுங்கு அரிது. நடுவில் ஒரு பொட்டு அளவு தேய்த்த முகம் மிஞ்சினால் குட்டு உடைந்துவிடும். ஆனால் இதை உலகம் முழுமைக்கும் விதியாக வைத்துக்கொள்ள முடியாது. எகிப்தில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே கத்தியின் முகத்தை முதலில் தேய்த்து மட்டமாக்கி, பிறகு அலைவரிசை போலச் சில்லெடுத்தார்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், தந்தப் பிடி போட்ட கெபெல் எல் அராக் கத்தி அப்படிப்பட்டது. எந்த ஊர், எந்தக் காலம் என்று தெரியாமல் ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது ஆபத்து.

செம்பைப் பற்றிச் சொன்னேன். விளிம்பில், அழுத்தம் கொடுத்த புள்ளிகளில், பொன்னிறமாகவோ பச்சையாகவோ மெல்லிய தீற்றல்கள் தெரிகின்றனவா என்று நுண்ணோக்கியில் தேட வேண்டும். விற்பதற்கு முன் அமிலத்தில் கழுவி இதைப் போக்கிவிடுகிறவர்களும் உண்டு. அமிலத்தில் கழுவிய கல் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும். எந்த இடுக்கிலும் ஒரு மண்துகள் இருக்காது. அதுவே பேசும்.

வயதேற்றும் வித்தைகளுக்குக் கணக்கில்லை. தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பது, காலணி பாலிஷ் தேய்ப்பது, பசையில் மண்ணைக் குழைத்துப் பள்ளங்களில் அப்புவது, மணலோடு உருளையில் போட்டுச் சுழற்றுவது, கொல்லையில் இரண்டு வருடம் புதைத்து வைப்பது. முதல் மூன்றும் எளிதில் அகப்படும். சோப்பு கலந்த வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் பசை மண் கழன்றுவரும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பாலிஷும் சாயமும் பஞ்சில் ஏறும். முனை உங்களுடையதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அது உண்மையிலேயே பழையது என்றால் மண்ணையும் ஒட்டியிருக்கும் பழைய பிசினையும் கழுவிவிடுவது ஆதாரத்தை அழிப்பதாகும். உருளையில் சுழற்றியது மேடு, விளிம்பு, அடி என்று எல்லா இடத்தையும் ஒரே அளவில் மழுக்கியிருக்கும். நிஜத் தேய்மானத்தில் வேலை செய்த இடம் ஒருவிதம், பிடிக்குள் இருந்த இடம் வேறுவிதம்.

புற ஊதா விளக்கும் கை கொடுக்கும். இருட்டறையில் அதைக் காட்டினால் பசையும் செயற்கைப் பிசினும் வேறு நிறத்தில் மின்னி, உடைந்த நுனியை ஒட்டவைத்த இடம் வெளிப்படும். சில கற்கள் தாமே மின்னும். டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமிக் கல் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிரும். அதை வைத்து, விற்பவர் சொல்லும் கல் அதுதானா என்று சோதிக்கலாம்.

கல் எங்கேயிருந்து வந்தது என்பது இந்த வேலையில் பாதி. ஓஹையோவின் பிளின்ட் ரிட்ஜ், டெக்சாஸின் அலிபேட்ஸ், மிசௌரி பக்கத்து பர்லிங்டன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் முகம் உண்டு. பழகியவர்கள் நெல் ரகம் சொல்வதைப் போலச் சொல்லிவிடுவார்கள். பழங்கால வேட்டைக்காரர்கள் நல்ல கல்லை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து போனார்கள். அதனால் தொலைதூரக் கல் என்பது மட்டும் குற்றமாகாது. ஆனால் இன்றைய செதுக்குநர்கள் விரும்பி வாங்கும் பிரேசில் நாட்டு அகேட்டில் ஒரு வட அமெரிக்கக் குளோவிஸ் முனை இருந்தால், அது பழையது என்பதற்கு வழியே இல்லை. வடிவம், கல், கிடைத்ததாகச் சொல்லும் ஊர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்பதற்காக இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். சான்றிதழ் ஒருவரின் கருத்து. காசு வாங்கிக்கொண்டு சொன்ன கருத்தாகவும் இருக்கலாம். எந்தெந்த அடையாளங்களைப் பார்த்து அப்படி முடிவு செய்தார் என்று அதில் எழுதியிருந்தால் மட்டுமே எனக்கு அதன்மேல் மதிப்பு வரும்.

முனை பழையது என்று உறுதியான பிறகும், எங்கே, எந்த மண்ணில் கிடைத்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். ஷினிச்சி ஃபுஜிமுரா என்ற தொல்லியல் ஆர்வலர் கைவைத்த இடமெல்லாம் பல லட்சம் ஆண்டு பழைய கருவிகள் கிடைத்துக்கொண்டேயிருந்தன. 2000 நவம்பரில் மைனிச்சி நாளிதழ், அவரே குழி தோண்டிக் கருவிகளைப் புதைக்கும் படத்தை வெளியிட்டது. அவர் புதைத்தவை போலிகள் அல்ல, வேறு இடங்களில் மேற்பரப்பில் கிடைத்த நிஜமான, ஆனால் மிகவும் பிந்தைய காலத்துக் கருவிகள். பின்னர் ஆய்வாளர்கள் அவற்றை லென்ஸில் பார்த்தபோது என்ன தெரிந்தது? மேலே சொன்ன அதே துருக்கோடுகள். ஆழத்தில், எந்த இரும்பும் தொடாத மண்ணடுக்கில் காலங்காலமாகக் கிடந்ததாகச் சொன்ன கல்லில் உழவு இரும்பின் கோடு எப்படி வரும்? வயலில் பொறுக்கிய முனைக்குச் சாதகமாகப் பேசும் அடையாளமே, அகழ்ந்தெடுத்ததாகச் சொன்ன முனைக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஜப்பானின் பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

இதன் முன்னோடி ஒன்று பிரான்சின் அபவீலில் 1863இல் நடந்தது. பூஷே த பெர்த் என்ற முன்னோடி ஆய்வாளர் மிகப் பழைய மனித எலும்புக்குப் பரிசு அறிவித்தார். தொழிலாளிகள் ஒரு தாடை எலும்பையும், தாங்களே செய்த கற்கோடரிகளையும் குழியில் புதைத்துக் ‘கண்டெடுத்தார்கள்’. ஆங்கிலேய ஆய்வாளர் ஜான் எவான்ஸ் அந்தக் கோடரிகளைப் பார்த்தபோது விளிம்புகள் பச்சையாக இருந்தன, படலம் இல்லை. அதே 1863, மே 30ஆம் தேதி, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு குவார்ட்சைட் கற்கருவியை எடுத்தார். அந்த ஆண்டு ஐரோப்பாவில் அபவீலின் கற்கருவிகள் சந்தேகத்தில் இருந்தன. ஃபூட் கண்டெடுத்தது நிலைத்து நிற்கிறது. எந்த ஊர், எந்த மண் என்றும் அவர் எழுதி வைத்தார். நூற்றுக்கணக்கான இடங்களில் அவர் சேர்த்தவை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன; பட்டியலில் அவற்றுக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இவை கண்ணில் படக்கூடும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் செம்மணல் தேரிகளில் குவார்ட்ஸிலும், சிக்கிமுக்கிக் கல்லைப் போன்ற செர்ட் கல்லிலும் செய்த, நகத்தளவு நுண்கற்கருவிகள் கிடைப்பது ஆய்வுலகம் அறிந்த விஷயம். கண்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருந்த நிலையிலேயே, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமமின்றி வியாபாரம் செய்வதையும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவிலும் மத்திய அரசின் நிலத்திலோ பழங்குடியினர் நிலத்திலோ அனுமதியின்றித் தோண்டி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்குவதற்கு முன் ‘எந்த நிலத்தில் கிடைத்தது’ என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கேள்விக்கு மிகச் சரியான பதில் கிடைத்த ஒரு முனையைச் சொல்கிறேன். நியூமெக்சிகோவின் ஃபோல்சம் ஊருக்கு அருகே, 1908 வெள்ளத்துக்குப் பின், அடிமையாகப் பிறந்து மாட்டுப் பண்ணை மேலாளரான ஜார்ஜ் மெக்ஜங்கின் ஓர் ஓடைக்கரையில் பெரிய எலும்புகளைக் கவனித்தார். அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின்பே அங்கே அகழ்ந்தார்கள். அழிந்துபோன காட்டெருமையின் எலும்புகளோடு கல் முனைகள் வந்தன. மண்ணிலிருந்து பிரிந்து கையில் வந்த முனைகளை அறிஞர்கள் நம்பவில்லை. 1927இல் இன்னொரு முனை விலா எலும்புகளுக்கு இடையில் தெரிந்தபோது தோண்டியவர்கள் அதைத் தொடவில்லை. வேலையை நிறுத்தி, தந்தி அடித்து, பல ஊர்களிலிருந்து ஆய்வாளர்களை வரவழைத்து, அது கிடந்த கிடையிலேயே பார்க்க வைத்தார்கள். பனியுகத்தின் கடைசியிலேயே அமெரிக்காவில் மனிதர் வாழ்ந்தார்கள் என்பதை அதன்பின் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றார்கள். பிறகும் அந்த முனையைப் பிடுங்கவில்லை. சுற்றியிருந்த மண்ணோடு ஒரு கட்டியாக வெட்டியெடுத்து டென்வர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.